அண்ணாச்சியின் பத்துக் குலுக்கு

எங்கள் கம்பெனியின் புதுக் காய்ச்சல் மருந்து மூன்று மாதம் வரை ஒரு பரிசோதனையிலும் தோற்கவில்லை. மருந்து அவ்வளவு உசத்தி என்று நினைத்துவிட வேண்டாம். கொம்பையா அண்ணாச்சி முன்பு பரோட்டா மாஸ்டராக இருந்தவர், அதுதான் காரணம்.

கம்பெனி ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டு போகிற வழியில், கார் சீட் தைக்கும் ஆலைக்குப் பின்னால் இருக்கிறது. சுற்றியிருக்கும் பெரிய ஆலைகளுக்கு நடுவில் எங்களுடையது பெட்டிக்கடை மாதிரி. நான் அங்கே தரப் பரிசோதனை லேபில் கெமிஸ்ட். பெயர் சந்தனமாரி, ஊர் சாத்தூர். நேரில் மாரி என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் சண்டைமாரி என்பார்கள். அதையும் நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

வெளியே எல்லாரும் சிரப் என்று வாங்கிப் போகிற மருந்துகளில் பாதி சிரப்பே கிடையாது. சிரப் என்றால் மருந்து தண்ணீரில் கரைந்திருக்க வேண்டும். எங்கள் மருந்து கரையாத சாதி. தூள் தூளாக மிதந்துகொண்டிருக்கும். அதற்கு சஸ்பென்ஷன் என்று பெயர். நாள் ஆக ஆகத் தூள் அடியில் படியும். படிவது தப்பில்லை, அது அதன் பிறவிக் குணம். ஆனால் குலுக்கினால் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்காவிட்டால் முதல் ஸ்பூனில் இனிப்புத் தண்ணீரும் கடைசி ஸ்பூனில் மொத்த மருந்தும் போய்ச் சேரும். குடிப்பது இரண்டு வயதுக் குழந்தை.

அதனால்தான் நாற்பது டிகிரி சூடுள்ள ஓர் அலமாரியில் பாட்டில்களை மாதக்கணக்கில் அடைத்து வைக்கிறோம். ஒன்று, மூன்று, ஆறு மாதங்களில் வெளியே எடுத்துக் குலுக்கிப் பார்ப்போம். செயல்முறைப் புத்தகத்தில் இதற்கு ஒரே ஒரு வரி: 'பாட்டிலைப் பத்து முறை குலுக்கியபின் அடியில் வண்டல் ஒட்டியிருக்கக் கூடாது.' யாருடைய கை என்று அந்த வரி சொல்லவில்லை.

முதல் மாதப் பாட்டிலை நான்தான் குலுக்கினேன். பத்துக்கு அசையவில்லை. முப்பத்துநாலு வரை எண்ணினேன். அப்போதும் அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளையாக ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. எடுத்துக்கொண்டு மேனேஜர் வசந்தகுமார் சாரிடம் போனேன். அவர் ஸ்ரீபெரும்புதூர்க்காரர், இந்த மருந்தின் செய்முறையை எழுதியவரும் அவர்தான். பாட்டிலைப் பார்க்காமல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா, காலைல சாப்ட்டியா இல்லியா? கைல தெம்பே இல்லாம குலுக்குனா எப்டி கலக்கும்?"

பிறகு திரும்பி, கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருந்த கொம்பையா அண்ணாச்சியைக் கூப்பிட்டார். இன்னொரு பாட்டிலைக் கையில் கொடுத்து, "பத்து வாட்டி குலுக்குப்பா" என்றார்.

அண்ணாச்சி சங்கரன்கோவில் பக்கம். ஒரகடம் கூட்டுரோட்டில் ஒன்பது வருடம் பரோட்டா வீசியவர். கல்லின் சூடு தாங்காமல், ஏசி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எங்கள் லேபுக்கு வந்தார். அவர் பாட்டிலை வாங்கினார், கண்ணைப் பாதி மூடினார், மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றினார். பாட்டில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. ஏழாவது குலுக்கிலேயே அடி துடைத்துவைத்த மாதிரி ஆகிவிட்டது. மரியாதைக்கு மீதி மூன்றையும் குலுக்கிக் கொடுத்தார்.

"பாத்தியா? மருந்துல ஃபால்ட் இல்ல. உன் கைலதான் ஃபால்ட்டு" என்றார் வசந்தகுமார் சார்.

நான் 'தேறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எரிச்சல் மண்டையைப் பிளந்தது, ஆனாலும் போட்டேன். அப்போது நான் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. திரும்பிப் போனால் அம்மாவோடு உட்கார்ந்து தீப்பெட்டி அடைக்க வேண்டும். வாய் நீளமாக இருக்கிறவர்களுக்கும் பயம் இருக்கும் என்பது வெளியே தெரிவதில்லை.

அதுவே வழக்கமாகிப் போனது. மூன்றாம் மாதமும் அண்ணாச்சி குலுக்கினார், நான் எழுதினேன். அவர் பெருமை தாங்காமல் இருந்தார். கேண்டீனில் ஊறுகாய் பாட்டில் மூடி திறக்காவிட்டால்கூட அவரைத்தான் தேடி வருவார்கள். ஆறு வருடமாகக் காண்டிராக்ட் ஆள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் மஞ்சள் கயிறு. நீலக் கயிறு போட்ட நிரந்தர ஆட்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மஞ்சள் கயிறுக்குப் பந்தி. நீலத்துக்குத் தயிர் என்றால் மஞ்சளுக்கு மோர். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு அனுப்பி, பத்து நாள் கழித்துப் புது ஆள் மாதிரி மறுபடி சேர்ப்பார்கள். அந்தப் பத்து நாளும் அண்ணாச்சிக்குத் தூக்கம் வராது. வடக்குப்பட்டில் ஒற்றை அறை, மனைவி செல்வலட்சுமி, ஒன்றரை வயதில் பெண் குழந்தை. "நிரந்தரம்னு ஒரு பேப்பரு வந்துட்டா போதும் தங்கச்சி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார்.

இத்தனைக்கும் மருந்தைச் சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. வசந்தகுமார் சாருக்கு அழகு முக்கியம். தூளை நைஸாக அரைத்து, ஒரு துகளோடு இன்னொன்று சேராதபடி செய்திருந்தார். அதனால் பாட்டில் வாரக்கணக்கில் ரோஸ் மில்க் மாதிரி ஒரே நிறமாக நிற்கும். பார்த்தவர்கள் சொக்கிப்போவார்கள். ஆனால் அப்படி ஒற்றை ஒற்றையாக, அவசரமே இல்லாமல் இறங்குகிற துகள் இடுக்கு விடாமல் நெருக்கி உட்காரும். பிறகு எழுந்திருக்காது. நான் ஓர் உப்பைச் சிட்டிகை சேர்த்து வேறு பாட்டில் ஒன்று செய்து காட்டினேன். அதில் துகள்கள் ஒன்றையொன்று தளர்வாகப் பிடித்துக்கொண்டு பஞ்சுப் பொதி மாதிரி இறங்கின. அரை நாளிலேயே படிந்துவிட்டன. மேலே தெளிந்த தண்ணீர். பார்க்கச் சகிக்காது. ஆனால் இரண்டு குலுக்கில் எல்லாம் எழுந்து வந்துவிடும்.

"இன்னாம்மா இது, தண்ணி ஊத்துன பாலாட்டம் கீது? கடைக்காரன் கைல வாங்குவானா?" என்று அதை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

ஆறாம் மாதம் வந்தது. கூடவே ஆடிட்டும் வந்தது. எங்கள் மருந்தைத் தன் பெயரில் விற்கப் போகிற பெரிய கம்பெனியிலிருந்து ஷாரோன் என்ற அதிகாரி செவ்வாய்க்கிழமை வந்து பரிசோதனையை நேரில் பார்ப்பதாக ஏற்பாடு. முந்தின வெள்ளிக்கிழமை ஆறு மாதப் பாட்டில்களை வெளியே எடுத்தேன். மனசு கேட்கவில்லை. லேப் பெருக்க வந்த சுந்தராம்பாள் அக்காவிடம் ஒன்றைக் கொடுத்துக் குலுக்கச் சொன்னேன். அக்கா வடக்குப்பட்டுக்காரர், பிள்ளை பெற்று வளர்த்தவர். நாற்பத்தொன்று வரை குலுக்கிவிட்டுப் பாட்டிலைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, அடில சிமெண்ட்டு போட்டு வச்சிகினு கீறியா? இத்த குட்சா புள்ளைக்கு எப்டிமா ஜொரம் வுடும்?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மெஷினை ஓட்டி, அக்கா குலுக்கிய மாதிரி பத்துக் குலுக்குக் குலுக்கிய பாட்டிலில் ஸ்பூன் ஸ்பூனாக மருந்து அளவு பார்த்தேன். முதல் ஸ்பூனில் பாதிதான் இருந்தது. அடிவண்டல் பெயர்ந்து வந்த கடைசி ஸ்பூனில் இரண்டு மடங்குக்கு மேல். காகிதத்தை வசந்தகுமார் சாரிடம் காட்டினேன். "லேபிள்ல 'நன்றாகக் குலுக்கவும்'னு போட்டுக்குறோம்ல? நல்லா குலுக்கலன்னா அவங்க தப்பு" என்று சொல்லி, காகிதத்தை எட்டாக மடித்துத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தால் அண்ணாச்சி நிற்கிறார்.

"என்ன தங்கச்சி, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

சொன்னேன். சுந்தராம்பாள் அக்கா குலுக்கினால் எவ்வளவு, முதல் ஸ்பூனில் எவ்வளவு, கடைசி ஸ்பூனில் எவ்வளவு, எல்லாவற்றையும்.

"நான் குலுக்குனா?"

"எல்லா ஸ்பூன்லயும் சரியா இருக்கும் அண்ணாச்சி."

அவர் முகத்தில் முதலில் வந்தது பெருமைதான். மீசைகூட ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தது. கையிலிருந்த கண்ணாடிக் குழாயைக் கழுவி வைத்துவிட்டு, "அப்பம் இந்த மருந்த வாங்குத வீட்டுக்கெல்லாம் நான் போயிக் குலுக்கணுமா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அப்பம் இத்தன நாளும் இத நாந்தான் பாஸ் போட்டு உட்டுருக்கேன்" என்றார்.

"நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க அண்ணாச்சி. செவ்வாக்கிழம எப்பவும் போல குலுக்குங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

அது பச்சைப் பொய். பார்த்துக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை. அவர் குலுக்கிவிட்டால் நான் வழக்கம் போல எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்ப் படுத்திருப்பேன், அவ்வளவுதான். இதை இங்கே எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் வசந்தகுமார் சார் அண்ணாச்சியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது. எனக்கும் கேட்க வேண்டும் என்றுதான் திறந்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். கம்பெனி முத்திரையோடு, அண்ணாச்சியின் முழுப் பெயரோடு, நிரந்தர வேலைக்கான கடிதம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"மேடம் பாத்துட்டு ஓகே சொன்னாங்கன்னு வச்சிக்கோ, சாயங்காலமே சைன் பண்ணி கைல குடுத்துடறேன். நல்லா குலுக்கு, ஆங்?"

அண்ணாச்சி காகிதத்தைத் தொடவில்லை. கைகள் ஈரமாக இருந்ததால் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து தன் பெயரை மட்டும் இரண்டு முறை வாசித்தார்.

ஷாரோன் பத்தரைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், குட்டையாக வெட்டிய தலைமுடி, கையில் ஒரு நோட்டு. காபி வேண்டாம் என்றார், பிஸ்கட் வேண்டாம் என்றார், வசந்தகுமார் சார் தயாராக வைத்திருந்த பொன்னாடையை வாங்கி அப்படியே நாற்காலியில் போட்டார். எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போனது. பாட்டில்களின் அழகைப் பற்றி சார் கால் மணி நேரம் பேசினார். அவர் பேசி முடித்ததும் ஷாரோன் கேட்டார்: "குலுக்கிப் பாக்கற டெஸ்ட்டை யார் பண்ணுவீங்க?"

"இவர்தான் மேடம். ரொம்ப அனுபவம்" என்று அண்ணாச்சியை முன்னால் தள்ளினார் சார்.

"எப்பவும் எப்படிப் பண்ணுவீங்களோ அதே மாதிரி பண்ணிக் காட்டுங்க."

அண்ணாச்சி பாட்டிலைக் கையில் வாங்கினார். ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, உலகத்தில் உள்ள அப்பாவித்தனம் எல்லாம் தன்னிடம்தான் இருக்கிறது என்பது போல ஒரு முகம் வைத்துக்கொண்டு கேட்டார்: "எப்படிக் குலுக்கட்டும் மேடம்? லேப்ல குலுக்குத மாதிரியா, வீட்ல குலுக்குத மாதிரியா?"

வசந்தகுமார் சார் இருமினார். "தமாஷ் பண்றாரு மேடம். சவுத் சைடு ஆளு."

ஷாரோன் சிரிக்கவில்லை. "ரெண்டும் வேற வேறயா?"

"ஆமா மேடம். வேற வேற."

"அப்போ ரெண்டையும் காட்டுங்க."

அண்ணாச்சி மேஜையைச் சுற்றிப் பார்த்தார். ஆறு மாத அறிக்கைகளையெல்லாம் கட்டிவைத்த கனமான ஃபைல் அங்கே இருந்தது. அதைத் தூக்கி இடது இடுப்பில் வைத்துக்கொண்டார். இடுப்பை ஒடித்தார். ஆறடி ஆள், புதர் மீசை, அந்த இடுப்பு ஒடிந்த ஒடிப்பில் அவர் மனைவி செல்வலட்சுமியே வந்து நின்ற மாதிரி இருந்தது. பால் பொங்குகிற அடுப்பு எதிரே இருப்பது போலக் கண் அங்கே, கவனம் குழந்தை மேல், பாட்டில் மட்டும் வலது கையில் ஏனோதானோ என்று ஆடியது. ஒன்று. இரண்டு. மூன்று. ஃபைல் வழுக்கியது. "இரு இரு, தாரேன், அழாத" என்று அதைத் தட்டிக்கொடுத்து ஏற்றிக்கொண்டு மறுபடி நாலு, ஐந்து. எட்டாவதில் அடுப்பை அணைக்கப் போய்விட்டு வந்தார். பத்து முடிந்ததும் பாட்டிலை ஷாரோனிடம் நீட்டினார்.

ஷாரோன் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் வாங்கினார். பாட்டிலைச் சாய்த்து அடியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மூடியைத் திறந்து ஒரு கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டுத் தட்டினார். டொக் டொக் என்று கேட்டது.

"இப்போ லேப் மாதிரி" என்றார்.

அண்ணாச்சி ஃபைலைக் கீழே வைத்தார். அடுத்த பாட்டிலை எடுத்தார். மணிக்கட்டு சுழன்றது. பத்தும் முடிந்தபோது ஷாரோன் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றிருந்தார். அடியில் ஒரு புள்ளி வண்டல் இல்லை.

"இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?"

"பரோட்டா மாஸ்டர் மேடம்."

ஷாரோன் நோட்டில் எழுதினார். எழுதிக்கொண்டே ஃபைலைப் புரட்டினார். "மூணு மாச ரிப்போர்ட்ல இருக்கற கையெழுத்து யாரோடது?"

"என்னுது மேடம்" என்றேன்.

"குலுக்கினது?"

"அவரு."

எனக்கு ஒரு மெமோ வந்தது. வர வேண்டியதுதான். மருந்து வெளியே போகாமல் நின்றது. வசந்தகுமார் சார் அன்று சாயங்காலம் டிராயரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். காண்டிராக்ட்காரரைக் கூப்பிட்டு, இந்த மாதத்தோடு கொம்பையா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாதம் முடிய மூன்று வாரம் இருந்தது.

ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறுகிற இடத்தில் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் அண்ணாச்சி? லெட்டர் கைக்கெட்டுன தூரத்துல இருந்துச்சேன்னு கேக்கேன்."

"நல்லாக் குலுக்கணும்னுதான் தங்கச்சி போனேன். பாட்டில வாங்குனதும் இவ ஞாவகம் வந்துட்டு. நான் வேலைக்கு வந்துட்டா வீட்ல அவதான குலுக்கணும்?" பிறகு மீசைக்குள் சிரித்தார். "அதுபோக, அந்த ஆளு மூஞ்சி எப்படிப் போவுதுன்னு பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆச."

"இனி என்ன செய்வீங்க?"

"பரோட்டாக் கல்லு எங்க போவுது? கூட்டுரோட்லயே கெடக்கு."

லேசாகத்தான் சொன்னார். ஆனால் கல்லின் சூடு பட்டுப் பட்டுக் கறுத்த தன் முன்கையைத் தடவிக்கொண்டே சொன்னார். ஹாஸ்டல் அறையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. எம்.எஸ்ஸி. படித்த நான் சொல்ல வேண்டியதை, மஞ்சள் கயிறு போட்ட அவர் வேலையைப் பணயம் வைத்துச் சொல்லியிருக்கிறார். என் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நல்லவேளை, எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது.

வெள்ளிக்கிழமை ஷாரோனின் கடிதம் வந்தது. மருந்தை மாற்றிச் செய்ய வேண்டும். குலுக்கும் பரிசோதனை ஆளுக்கு ஆள் மாறுகிறது, ஆகவே ஆடிட்டில் செய்து காட்டிய வீட்டு முறையைச் செயல்முறையாக எழுதி, லேபில் உள்ள எல்லாருக்கும் பயிற்சி கொடுத்து, பதினைந்து நாளில் பதில் அனுப்ப வேண்டும். வசந்தகுமார் சார் கடிதத்தை என் மேஜையில் வீசினார். "எல்லாம் உன்னாலதான். நீயே எய்தி எடுத்துகினு வா."

எழுதினேன். மருந்துத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆடிட்காரருக்கு எதை எழுதிக் கொடுத்தோமோ அதை எழுத்துப் பிசகாமல் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் ஆர்டர் போச்சு. அதனால் ரொம்பக் கவனமாக எழுதினேன். 'குலுக்குபவர் இடது இடுப்பில் பத்துக் கிலோ எடையை ஏந்திக்கொள்ள வேண்டும். பார்வை பாட்டிலில் இருக்கக் கூடாது. மூன்றாம் குலுக்குக்குப் பின் எடையை ஒருமுறை ஏற்றிப் பிடிக்க வேண்டும். எட்டாம் குலுக்குக்குப் பின் நான்கு அடி நடந்து திரும்ப வேண்டும்.' கடைசியில் இரண்டு வரி: 'ஆடிட்டில் செய்து காட்டிய திரு. கொம்பையா அனைவருக்கும் பயிற்சி அளிப்பார். மாற்றிச் செய்யும் மருந்தின் இரண்டு ஆண்டுப் பரிசோதனை முடியும்வரை பயிற்சியாளர் மாற்றப்பட மாட்டார்.'

வசந்தகுமார் சார் எதையும் வாசித்துக் கையெழுத்துப் போட்டதில்லை. இதையும் வாசிக்கவில்லை. ஷாரோனிடமிருந்து ஒரே நாளில் பதில் வந்தது: ஏற்கப்பட்டது, அடுத்த ஆடிட்டில் பயிற்சிப் பதிவேட்டைப் பார்ப்பேன்.

அப்போதுதான் நான் பயிற்சி விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன். "சார், ஒரு சின்ன சந்தேகம். ஆறாம் பக்கத்துல, டிரெய்னிங் குடுக்கறவர் நிரந்தர ஊழியரா இருக்கணும்னு போட்டுருக்கு."

"எவன் எய்துனது?"

"நீங்கதான் சார். நாலு வருஷத்துக்கு முன்னாடி. கையெழுத்து இருக்கு."

அவர் பதிலின் நகலை இப்போதுதான் முதல் முறையாக வாசித்தார். காது சிவந்தது. "கொம்பையா வாணாம். டிரெய்னர் நான்தான்னு மாத்திடு."

"மாத்தலாம் சார். ஆனா செஞ்சு காட்டுனது அவருல்லா? அவர்ட்ட டிரெய்னிங் எடுத்து பாஸானாத்தான் நீங்க டிரெய்னர் ஆக முடியும். அவர் உங்களுக்கு டிரெய்னிங் குடுக்கணும்னா அவர் நிரந்தரமா இருக்கணும்."

வசந்தகுமார் சார் விரலால் மேஜையில் கோடு போட்டுப் பார்த்தார். இந்தப் பக்கம் போனார், அந்தப் பக்கம் போனார், எப்படிப் போனாலும் டிராயரில் வந்து முட்டினார். கால் மணி நேரம் நான் நின்றுகொண்டே இருந்தேன். எனக்கு வேறு வேலை இல்லை. கடைசியில் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தார்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது அண்ணாச்சியிடம் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையை மூன்று முறை துடைத்துவிட்டு வாங்கினார். வாசித்தார். "இதுல என்ன வேலைன்னு போட்டுருக்கு தங்கச்சி?" என்றார். 'குலுக்கல் பயிற்சியாளர்' என்று சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே, அது கழுவுகிற சோப்பு கண்ணில் பட்டது என்றார். சரி என்றேன்.

என் அழகில்லாத பாட்டில் அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. புது மருந்து அதன்படிதான் தயாராகிறது. அதை யார் குலுக்கினாலும் இரண்டில் எழுந்துவிடும். ஆனாலும் முறையைக் கற்பதற்குப் பழைய மருந்திலேயே பயிற்சி எடுக்க வேண்டும் என்று நான் செயல்முறையில் ஒரு வரி சேர்த்திருந்தேன். ஏன் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

முதல் பயிற்சி வகுப்பு புதன்கிழமை நடந்தது. விதிப்படி பதவி வரிசையில்தான் ஆட்கள் வர வேண்டும், ஆகவே முதலில் வசந்தகுமார் சார். கேண்டீனிலிருந்து பத்துக் கிலோ அரிசிப் பையை சுந்தராம்பாள் அக்கா தூக்கி வந்து அவர் இடுப்பில் வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை, துடைப்பத்தோடு வாசலில் நின்றுகொண்டார்.

"சார், இடுப்ப ஒடிங்க. இன்னும் கொஞ்சம். பாட்டிலப் பாக்கப்பிடாது, அடுப்பப் பாருங்க" என்றார் அண்ணாச்சி, கையில் பதிவேட்டை வைத்துக்கொண்டு.

"அடுப்பு எங்கப்பா கீது இங்க?"

"இருக்குன்னு நெனச்சுக்கிடுங்க சார். பால் பொங்குது."

சார் குலுக்கினார். மூன்றாவதில் அரிசிப் பை வழுக்கியது. ஏற்றிப் பிடிக்கப் போனவர் பாட்டிலை நழுவவிட்டார், பாட்டிலைப் பிடிக்கப் போய்ப் பையை விட்டார். பை தரையில் விழுந்து வாய் திறந்து, அரிசி மேஜைக்கு அடியில் வரை ஓடியது. வாசலில் சுந்தராம்பாள் அக்கா, "ஐய, புள்ளைய கீழ போட்டுட்டாரு" என்றார்.

வசந்தகுமார் சார் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "சரி சரி. ஓகேன்னு போட்டுடுப்பா கொம்பையா. நமக்குள்ள இன்னா?"

அண்ணாச்சி பேனாவின் மூடியைத் திறந்தார். பதிவேட்டில் அவர் எழுதுவது அதுதான் முதல் தடவை. ஒவ்வோர் எழுத்தாக, அவசரமில்லாமல் எழுதினார். பயிற்சி பெற்றவர்: வசந்தகுமார். முடிவு: தேறவில்லை. கீழே முழுப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டுவிட்டு நிமிர்ந்து, "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்துருங்க சார்" என்றார்.